நூற்றுப்பத்து வோல்ட்

அந்த மிஷினுக்கு
மூன்று வருடமாகச் சந்தனம் வைத்திருக்கிறார்கள்.
ஆயுதபூசை தவறாமல்,
பொட்டின் மேல் பொட்டாக.
உசிலம்பட்டி ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமில்
கால் உடைந்த ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால்
பொரிகடலை காய்ந்து ஒட்டிக்கிடந்த
ஆக்ஸிஜன் மிஷின்.

எந்த நாட்டு மனிதர்களோ அனுப்பியது.
அட்டைப்பெட்டியில் சிரிக்கிற ஒரு குழந்தை.
அது கேட்பது நூற்றுப்பத்து,
நம் சுவர் கொடுப்பது இருநூற்று முப்பது.
வந்த அன்றே யாரோ ஆசையாய்ச் செருக
டப்பென்று ஃபியூஸ் போனதாம்.
அப்புறம் ஒருத்தரும் தொடவில்லை,
கும்பிட்டதோடு சரி.

நான் டாக்டர் இல்லை.
பையில் மீட்டர், பற்றவைக்கும் கோல்,
மூன்று அளவில் திருப்புளி.
இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில்
எது நின்றுபோனாலும் நானும் என் மொபெட்டும்தான்.
அன்று போனது ஈசிஜி பார்க்க.

ரொசாலி சிஸ்டர் கையை மட்டும் அசைத்தார், நில்லு என்று.
வாய் எண்ணிக்கொண்டிருந்தது.
கண் ஒன்று சுவர்க் கடிகாரத்தில்,
கண் ஒன்று
சட்டை தூக்கிய சின்ன விலாவின் கீழே
குழிவதும் எழுவதுமாய் இருந்த வயிற்றில்.
அறுபத்து நாலு. அறுபத்தைந்து.
முள் பன்னிரண்டைத் தொட்டது.
அறுபத்தாறு.

ஏழு மாதம். பெயர் இன்பவாணன்.
எழுமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து
இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள் தாய்.
மருந்துக்கடைக்காரர் கொடுத்த இருமல் சிரப்
இன்னும் இடுப்பில் செருகியிருந்தது.
"நாலு நாளா சளின்னுதான் நெனச்சோம்."

இருந்தது ஒரு சிலிண்டர்.
அதில் ஏற்கெனவே ஒரு பிள்ளை.
நூற்றெட்டு வண்டி பேரையூர் போயிருந்தது
வேறொரு வலிக்கு.
சிஸ்டர் குழாயை வெட்டி
கவட்டை மாதிரி ஒரு துண்டைச் செருகினார்.
ஒரு காற்று, இரண்டு மூக்கு.
முள் இறங்க இறங்க
யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"மிஷின் எதுவும் இல்லையா சிஸ்டர்?"
"இருக்கு. ஓடாது."
அப்போதுதான் அந்த அறையைத் திறந்தார்கள்.

குனிந்து பின்பக்கத் தகட்டைப் படித்தேன்.
அதற்கு வேண்டியது
கைப்பிடி வைத்த ஒரு இரும்புப் பெட்டி,
கரண்டைப் பாதியாக்கிக் கொடுக்க.
அப்புறம் ஒரு ஃபியூஸ்.
டவுன்ஹால் ரோட்டில்
பேரம் பேசினால் இரண்டாயிரத்து முந்நூறு.

மூன்று வருடத்து ரெஜிஸ்டர்கள்
அதே அறையில், அதே அலமாரியில்
சணல் கட்டிக் கிடந்தன.
நான் ஒன்றையும் பிரிக்கவில்லை.

வண்டி வந்தது.
இன்பவாணன் மதுரைக்குப் போனான்,
பெரியாஸ்பத்திரிக்கு,
செக்கானூரணி கேட்டில் நிற்காமல் போகட்டும் என்று
வாட்ச்மேன் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தோம்.
ஈசிஜியை நான் பார்க்கவே இல்லை.

பெட்டி வாங்கியது திங்கட்கிழமை.
பில்லில் கடைக்காரர் சீல் வைக்க மறந்ததால்
அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை.
அதைப் பற்றி மூன்று கடிதம் எழுதியாகிவிட்டது,
கவிதையில் வேண்டாம்.

சந்தனத்தைச் சுரண்டினேன்.
உள்ளே பல்லி முட்டை, ஒரு சாமந்தி இதழ்.
சுவிட்சைப் போட்டதும்
செருமிவிட்டு, பிறகு
தூங்கும் மாடு மாதிரி மூச்சுவிடத் தொடங்கியது.
அன்று கட்டிலில் இருந்தது ஒரு பெண் குழந்தை.
விரல் கிளிப் பெரியவர்களுக்கானது, நழுவியது.
கால் பெருவிரலில் சிஸ்டர் பிடித்துக்கொண்டார்.
எண்பத்தாறு.
எண்பத்தாறு.
எண்பத்தொன்பது.
தொண்ணூற்று மூன்றில்
தாய் அழத் தொடங்கினாள்,
எண்ணைப் பார்த்து அல்ல,
பிள்ளை பாலுக்கு வாய் திறந்ததைப் பார்த்து.

"அந்தப் பையன்?" என்றேன், கேட்கப் பயந்து.
சிஸ்டருக்குப் பெயர் நினைவில்லை.
"அறுபத்தாறா? புதன்கிழமை காட்ட வந்திருந்தான்.
இப்ப முப்பத்தெட்டு."

கிளம்பும்போது மிஷின் மேல் ஒட்டினேன்:
'சனிக்கிழமைதோறும் ஃபில்டரைக் கழுவவும்.
பொட்டு வைக்க வேண்டாம்.'

அடுத்த மாதம் போனேன்.
ஃபில்டர் பளிச்சென்று இருந்தது.
குங்குமம்
என் காகிதத்தின் மேல் இருந்தது.